அத்தை கைதட்டிய இடம்

1992 பொங்கலுக்கு ‘மன்னன்’ வந்தபோது நான் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். மாட்டுப்பொங்கல் அன்று மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு குடும்பமே படத்துக்குக் கிளம்பும். மதுரையில் அன்றைக்கு எந்தத் தியேட்டரிலும் காலை வைக்க இடமிருக்காது. அப்பாவும் சித்தப்பாவும் முன்னாடியே போய் டிக்கெட்டுக்கு நிற்பார்கள். நாங்கள் பின்னால் போவோம். எனக்கு இடப்பக்கம் அம்மா, வலப்பக்கம் அத்தை. பொங்கலுக்கென்று புதுமண்டபத்தில் வாங்கிய பச்சைக் கண்ணாடி வளையல்களை அத்தை இரண்டு கையிலும் டஜன் கணக்கில் போட்டிருந்தார். கையை அசைத்தாலே சத்தம் வரும். முறுக்குப் பொட்டலத்தை என்னிடம் நீட்டும்போதெல்லாம் முன்வரிசைக்காரர் ஒருவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

கதையைச் சொல்ல வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரியும். விஜயசாந்தி பெரிய தொழிலதிபர், ரஜினி தொழிலாளி. ஒரு கட்டத்தில் விஜயசாந்தி ரஜினியை அறைகிறார், ரஜினி திருப்பி அறைகிறார். அந்தத் திருப்பி விழுந்த அறைக்குத் தியேட்டர் எழுப்பிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. விசில், காகிதத் துண்டுகள், பின்வரிசையில் யாரோ நாற்காலி மேல் ஏறி நின்றது, எல்லாம் ஞாபகம் இருக்கிறது. நானும் எழுந்து நின்று உள்ளங்கை சிவக்கக் கைதட்டினேன். பக்கத்தில் அத்தையும் தட்டினார். வளையல்கள் குலுங்கியது நன்றாக நினைவிருக்கிறது. இந்தக் காட்சியை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். பெண்களே கைதட்டினார்கள், எங்கள் அத்தையே தட்டினார், ஆக அந்தக் காலத்தில் அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதற்கு அதுதான் என் சாட்சி.

போன பொங்கலுக்கு அதே படத்தை டிவியில் போட்டார்கள். அத்தைக்கு இப்போது எழுபது வயது தாண்டிவிட்டது. மாமா இறந்த பிறகு எங்களோடுதான் இருக்கிறார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, முறத்தில் மொச்சையை உரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அறை விழுந்தது. அத்தை கை நின்றது. “அன்னைக்கித் தியேட்டர்ல இந்த இடத்துக்கு நீங்க எப்படிக் கைதட்டுனீங்க, ஞாபகம் இருக்கா அத்தை?” என்று கேட்டேன். அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தார். “நான் தட்டுனது இதுக்கு இல்லடா. முன்னாடி அவ அடிச்சா பாரு, அதுக்குத் தட்டுனேன். உங்கம்மாகூடக் கையப் புடிச்சு இழுத்தா, சும்மா இருங்க, ஆம்பளைங்க பார்க்குறாங்கன்னு. நீ கவனிக்கல.” சொல்லிவிட்டு மறுபடியும் மொச்சை உரிக்க ஆரம்பித்துவிட்டார்.

அதற்கப்புறம் படத்தில் என் மனம் ஒட்டவில்லை. முப்பது வருஷத்துக்கும் மேலாக ஒரு கைதட்டலை நான் தப்பான அறைக்குக் கணக்கு வைத்திருக்கிறேன். இத்தனைக்கும் பக்கத்து நாற்காலி. அத்தைக்கு விஜயசாந்தி மேல் எவ்வளவு பிரியம் என்பது எனக்குத் தெரியாததும் இல்லை. ‘வைஜெயந்தி ஐ.பி.எஸ்’ என்று தமிழில் வந்ததே, அந்தத் தெலுங்குப் படத்தில் காக்கிச் சட்டை போட்டு வரும் விஜயசாந்தியின் படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டி, பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்திருந்தார். 1990-ல் வந்த அந்தப் படத்துக்காக விஜயசாந்திக்குத் தேசிய விருதே கிடைத்தது. அந்த பீரோவை நான் நூறு தடவை திறந்திருப்பேன். அன்றைக்கு அத்தை போனது விஜயசாந்தி படத்துக்கு. நாங்கள் போனது ரஜினி படத்துக்கு. ஒரே வரிசையில் உட்கார்ந்து இரண்டு வேறு படங்களைப் பார்த்துவிட்டு, ஒரே ஆட்டோவில் நெருக்கியடித்து வீடு திரும்பியிருக்கிறோம்.

‘மோதலில் தொடங்கிக் காதலில் முடியும்’ என்று நம் பத்திரிகைகள் எத்தனை விமர்சனங்களில் எழுதியிருக்கின்றன! அந்த வரியைப் படிக்கும்போது நம் கண் காதலில்தான் போய் நிற்கும். மோதல் அதற்கு ஏறிப்போகிற படிக்கட்டு மாதிரி. அத்தை சொன்னதற்கு அப்புறம் அதைத் தலைகீழாகப் பார்க்கத் தோன்றியது. பார்த்ததும் காதலில் விழுகிற கதாநாயகிக்கு நம் படங்களில் பேச என்ன இருக்கிறது? கண், சிரிப்பு, ஒரு டூயட், அப்பாவிடம் அழுகிற ஒரு காட்சி. அவ்வளவுதான். சண்டைக்காரிக்கு அப்படி இல்லை. அவருக்கு வசனம் எழுதித்தான் ஆகவேண்டும். எதிராளி பேசாவிட்டால் சண்டை எப்படி நடக்கும்? கதாநாயகனை நேராகப் பார்த்து ‘நீ யார்?’ என்று கேட்க வேண்டும், மடக்க வேண்டும், ஒன்றிரண்டு இடத்திலாவது ஜெயிக்க வேண்டும். அத்தை மாதிரி எத்தனையோ பெண்கள் இந்த மாதிரிப் படங்களை விரும்பிப் பார்த்தது முடிவில் வருகிற காதலுக்காகத்தான் என்று நினைத்திருந்தேன். இப்போது, மோதல் நடக்கிற அந்த ஒரு மணி நேரத்துக்காகவே போயிருப்பார்கள் என்று தோன்றுகிறது. அந்த ஒரு மணி நேரம்தான் அவர்களுடையது.

மதுரையா, சிதம்பரமா?

மதுரைக்காரனுக்கு இந்தக் கதையைச் சினிமா வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. வருஷா வருஷம் சித்திரையில் தெருவிலேயே நடக்கிறது. திருவிழாவின் எட்டாம் நாள் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம், ஒன்பதாம் நாள் திக்கு விஜயம், பத்தாம் நாள் திருக்கல்யாணம். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கல்யாணத்துக்கு வருவார்கள். எங்கள் அத்தை திக்கு விஜயத்துக்குத்தான் எங்களைக் கூட்டிப்போவார். மலயத்துவச பாண்டியன் மகள் தடாதகை, அதாவது மீனாட்சி, செங்கோல் ஏந்திய கையோடு படை திரட்டிக்கொண்டு எட்டுத் திக்கும் போய் ஜெயிக்கிறாள். மாசி வீதிகளைச் சுற்றி வரும்போது திக்குப் பாலகர்கள் ஒவ்வொருவராகத் தோற்றுப்போவார்கள். கடைசியில் கயிலாயம். அங்கே நந்தியும் பூதகணங்களும் தோற்ற பிறகு சிவனே போருக்கு வருகிறார். அவரைப் பார்த்ததும் பிறவியிலேயே அவளுக்கு இருந்த மூன்றாவது மார்பு மறைகிறது. வில் பிடித்த கை தாழ்கிறது. தலை குனிகிறது. திருவிளையாடற் புராணத்தில் பரஞ்சோதி முனிவர் பாடிவைத்த காட்சி இது. கூட்டத்தில் எனக்குத் தெரியவில்லை என்று அத்தை என்னைத் திண்ணை மேல் தூக்கி நிறுத்துவார். இரவு வெளிச்சத்தில் அம்மனும் சுவாமியும் எதிரெதிரே நிற்கிறதைப் பார்க்கும்போது, விடிந்தால் இவர்களுக்குக் கல்யாணம் என்பதை அந்தக் கூட்டத்தில் ஒருவரும் நினைத்துக்கொண்டிருப்பதாகத் தெரியாது. சண்டை அவ்வளவு நிஜமாக இருக்கும்.

தலைகுனிகிறாளே, இதுவும் அடக்குகிற கதைதானே என்று கேட்கலாம். நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் மதுரை அந்த இடத்தோடு கதையை விடவில்லை. கல்யாணத்துக்கு அப்புறமும் சித்திரை முதல் ஆவணி வரை ஊரில் மீனாட்சி ஆட்சி, ஆவணி மூலத்தில் சுந்தரேசுவரருக்குப் பட்டம் கட்டிய பிறகுதான் அவர் ஆட்சி என்று பிரித்துவைத்திருக்கிறார்கள். நாலு மாதமும் எட்டு மாதமும் சரிபாதி இல்லைதான். ஆனாலும் செங்கோல் அவள் கைக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. யார் வீட்டிலாவது மனைவி சொல்தான் நடக்கிறது என்றால் ‘உங்க வீட்ல மதுரையா, சிதம்பரமா?’ என்று கேட்கிற வழக்கம் அதிலிருந்து வந்ததுதானே. ஜெயித்துக்கொண்டே போன ஒருத்தி ஓரிடத்தில் வில்லை இறக்கிவைத்தாள், ஆட்சியை இறக்கிவைக்கவில்லை.

இதே மதுரைக்கு இன்னொரு கதையும் உண்டு. அல்லி அரசாணி. ஆண் வாடையே ஆகாது என்று ஆண்ட ராணி. அர்ச்சுனன் பாம்பாக உருமாறி அவள் படுக்கைக்குப் போய், அவள் தூங்கும்போது தாலி கட்டிவிடுகிறான். புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் ‘அல்லி அரசாணி மாலை’யைப் பெரிய எழுத்துப் புத்தகமாகத் திண்ணைகளில் வாசித்த காலம் இருந்தது. எங்கள் அப்பத்தாவுக்கு அதில் பல இடங்கள் மனப்பாடம். விழித்துப் பார்த்த அல்லி கொதிக்கிற இடத்தை அவர் ராகம் போட்டுச் சொல்லும்போது முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்வார். அந்தப் பாட்டில் அவருக்குப் பிடித்த இடமே அதுதான் என்று இப்போது புரிகிறது. மீனாட்சி கண் திறந்து எதிரில் நிற்பவனைப் பார்த்துத் தானாக வில்லைத் தாழ்த்தினாள். அல்லி கண் மூடியிருந்தபோது கழுத்தில் ஏறியது தாலி. இரண்டையும் ‘மோதல், பிறகு கல்யாணம்’ என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். ஆனால் இரண்டும் ஒன்றா?

நம் சினிமா பெரும்பாலும் எடுத்துக்கொண்டது அல்லியின் கதையைத்தான். ‘பட்டிக்காடா பட்டணமா’ 1972-ல் வந்தது. சோழவந்தான் மூக்கையனாக சிவாஜி, பட்டணத்துக் கல்பனாவாக ஜெயலலிதா. ஷேக்ஸ்பியரின் அடங்காப்பிடாரி நாடகத்தை வைகைக் கரைக்குக் கொண்டுவந்த படம். தமிழில் அந்த ஆண்டின் சிறந்த படமென்று தேசிய விருதும் வாங்கியது. அந்த ‘என்னடி ராக்கம்மா’ பாட்டுக்கு இன்றைக்கும் எங்கள் ஊர்க் கல்யாண வீடுகளில் வயசானவர்கள்கூட எழுந்து ஆடுவார்கள், நானும் ஆடியிருக்கிறேன். அந்தப் படத்தின் கலகலப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் கணக்கு என்னவோ நேரானதுதான்: பட்டணத்துப் பெண் துள்ளுவாள், கிராமத்து ஆண் அவளுக்குப் புத்தி வரவைப்பான், அவள் திருந்தி வந்து நிற்பாள். இருபது வருஷம் கழித்து வந்த ‘மன்னன்’ படத்தில் கிராமம் போய்த் தொழிற்சாலை வந்தது, கணக்கு மாறவில்லை. அங்கே கல்யாணமே சண்டையில் நகர்த்திய ஒரு காய். முதல் பாதியில் அத்தனை பேரை ஆட்டிவைத்த அந்த முதலாளியம்மா கடைசியில் வீட்டோடு இருக்கும் மனைவியாகிவிடுகிறார். அதைத்தான் படம் காதல் என்கிறது. நிர்வாகம் செய்யத் தெரிந்த ஒரு பெண்ணை வேலையிலிருந்து நிறுத்தியதற்கு இத்தனை பாட்டு எதற்கு என்று இப்போது எனக்குக் கோபமே வருகிறது.

ஒரு சொல்லையும் கவனித்தேன். இந்தப் படங்களில் அவள் கோபத்துக்குப் பெயர் திமிர், அவன் கோபத்துக்குப் பெயர் ரோஷம். திமிர் என்று சொல்லிவிட்டால் அதை அடக்கித்தான் ஆகவேண்டும். ரோஷத்துக்கு மதிப்புக் கொடுத்துத்தான் ஆகவேண்டும். அடங்காதவளைத் திட்டுவதற்கு நாம் வைத்திருக்கிற சொல்லைப் பாருங்கள், அடங்காப்பிடாரி! பிடாரி ஊரைக் காக்கிற தெய்வம். கோயில் கட்டிக் கூழும் ஊற்றிவிட்டு, வீட்டில் அந்தக் குணத்தோடு ஒருத்தி இருந்தால் மட்டும் வசவாக மாற்றிக்கொண்டோம்.

எனக்கு இது சினிமா சமாச்சாரமாக மட்டும் இல்லை. நான் கல்லூரியில் சேர்ந்தது 1998-ல். அந்த வருஷம்தான் சென்னையில் ஆண்கள் சிலரின் சீண்டலில் ஒரு கல்லூரி மாணவி உயிரிழந்து, தமிழ்நாட்டில் ஈவ் டீசிங்குக்கு எதிரான சட்டம் வந்தது. எங்கள் கல்லூரி அறிவிப்புப் பலகையில் அதைப் பற்றி ஒரு தாளும் ஒட்டியிருந்தார்கள். அந்தத் தாளைத் தினமும் தாண்டித்தான் வகுப்புக்குப் போனேன். அது வேறு யாரையோ பற்றியது என்று நினைத்தேன். எங்கள் வகுப்பில் ஒரு பெண்ணை எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருக்கிறது என்று சொல்ல எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் படத்தில் பார்த்த வழிதான். அவள் வகுப்பில் பதில் சொன்னால் கிண்டலாக இருமுவேன். பஸ்ஸில் அவள் குடையை எடுத்து ஒளித்துவைப்பேன். ஒரு பட்டப்பெயர் வைத்தேன், அது வகுப்பு முழுக்கப் பரவியது. அவள் முறைக்க முறைக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கதை சரியாகத்தான் போகிறது, இன்னும் இடைவேளை வரவில்லை என்றுதான் உண்மையாகவே நம்பினேன்.

ஒரு நாள் பஸ் நிறுத்தத்தில் அவள் நேராக என்னிடம் வந்தாள். கையில் நோட்டை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள், விரல் நுனிகள் வெளுத்திருந்தன. “உனக்கு நான் என்ன பண்ணேன்?” என்றாள். திட்டவில்லை. சத்தம்கூட எழுப்பவில்லை. உண்மையிலேயே பதில் தெரியவேண்டும் என்று கேட்ட கேள்வி அது. என்னிடம் பதில் இல்லை. மறுநாளிலிருந்து அவள் அந்த பஸ்ஸில் வரவில்லை. இரண்டு பஸ் மாறி, முக்கால் மணி நேரம் முன்னாடியே கிளம்பி வருகிறாள் என்று அவளுடைய தோழி வழியாகத் தெரிந்தது. படத்தில் கதாநாயகி வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன்னால் நின்று அவனை நினைத்துச் சிரிப்பாள். இவள் வீட்டுக்குப் போய் பஸ் நேரம் பார்த்திருக்கிறாள். மன்னிப்புக் கேட்க மூன்றாம் வருஷம் வரை எனக்குத் தைரியம் வரவில்லை. கேட்டபோது ‘சரி’ என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அந்தச் ‘சரி’க்கு இன்றுவரை நான் எந்த அர்த்தமும் கட்டிக்கொள்ளவில்லை.

கையில் கொடுத்த காகிதம்

இவ்வளவு சொன்னதால் எதிரிகள் காதலர்களாகிற கதையே எனக்கு ஆகாது என்று நினைத்துவிட வேண்டாம். எனக்கு அந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். பிடித்ததால்தான் இத்தனை நாள் இதைச் சுற்றிச் சுற்றி வருகிறேன். ஒருவரைத் தப்பாக எடைபோட்டிருந்தோம் என்று நமக்கே தெரியவருகிற நேரம் இருக்கிறதே, மனித வாழ்க்கையில் அதைப்போல அபூர்வமானது அதிகம் இல்லை. அதைக் காட்ட இந்தக் கதையைவிட நல்ல இடம் ஏது? அத்தையிடம் ஒரு நாள் கேட்டேன், மோதலில் ஆரம்பிக்கிற படங்களில் நீங்கள் நம்பின படம் எது என்று. யோசிக்கவே இல்லை. “மௌன ராகம். அவன் கையெழுத்துப் போட்டுக் குடுத்தான்ல, அதுக்காக நம்புனேன்.”

1986-ல் வந்த மணிரத்னத்தின் அந்தப் படத்தை நான் அதுவரை கார்த்திக் படமாகத்தான் ஞாபகம் வைத்திருந்தேன். பி.சி. ஸ்ரீராமின் வெளிச்சம், இளையராஜாவின் பாட்டுகள், ‘மிஸ்டர் சந்திரமௌலி’, இவ்வளவும் போக மீதிதான் கதை. அத்தை சொன்னபிறகு மறுபடியும் போட்டுப் பார்த்தேன். திவ்யா அப்பாவின் உடம்புக்காகக் கழுத்தை நீட்டியவள். டெல்லிக்குப் போன புதிதில் என்ன வேண்டும் என்று கணவன் கேட்கிறான், விவாகரத்து வேண்டும் என்கிறாள். அவன் தொடுவது கம்பளிப்பூச்சி ஊர்வதுபோல இருக்கிறது என்கிறாள். ஒரு மனிதனிடம் இதைவிடக் கடுமையாக என்ன சொல்ல முடியும்? இந்த இடத்தில் இன்னொரு படமாக இருந்தால் ஓர் அறை விழுந்திருக்கும், தியேட்டர் அதிர்ந்திருக்கும். கணவனாக வரும் மோகன் அவளை ஒரு வக்கீலிடம் கூட்டிப்போகிறார்.

கதை நிற்கிறதே ஒரு சட்டத்தின் மேல்தான். இந்து திருமணச் சட்டத்தின் 14-ஆவது பிரிவுப்படி, பொதுவாகக் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகாமல் விவாகரத்து மனுவே போட முடியாது. அதனால் இருவரும் ஒரே வீட்டில் காத்திருக்கிறார்கள். அந்தக் காத்திருப்பில் அவன் அவளை மயக்க எந்த வேலையும் செய்வதில்லை. அவள் மனம் மாற ஆரம்பித்ததற்கு அப்புறம் அவன்தான் விறைத்துப்போகிறான். சொல்லப்போனால் அந்த விறைப்பு எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே படுகிறது, அவளைத் தேவைக்கு மேல் அலையவிட்டது மாதிரி. ஆனால் கடைசியில் ரயில் நிலையம் வருகிறது. டெல்லியை விட்டு அவள் கிளம்புகிறாள். கேட்டது இதோ என்று விவாகரத்துக் காகிதத்தை அவள் கையில் கொடுக்கிறான். இப்போது அவள் போகலாம். சட்டமும் தடுக்காது, அவனும் தடுக்கமாட்டான், ரயிலும் தயாராக நிற்கிறது. அந்த நிலையில் நின்றுகொண்டுதான் அவள் தன் மனதைக் கொட்டிக் காகிதத்தைக் கிழிக்கிறாள். அல்லிக்கு யாரும் கொடுக்காத காகிதம் அது.

அத்தை சொன்னதை அப்போதுதான் நான் முழுதாகக் கேட்டேன் என்று நினைக்கிறேன். அவர் நம்பியது கொலுசையோ மழையில் ஆடிய பாட்டையோ பார்த்து இல்லை. போகிறவளைப் போகவிட்டதைப் பார்த்து. சண்டையில் கை ஓங்கியிருக்கிறவர் அந்தக் கையை எடுத்துவிட்டு விலகி நின்ற பிறகும் ஒருத்தி திரும்பி வந்தால் அது காதல். கையை எடுக்காமல் வரவழைத்தால் அதற்குச் சொல் வேறு.

‘குஷி’யையும் இந்தக் கண்ணோடு பார்த்தேன். 2000-ல் அது வந்தபோது கல்லூரியே அந்த இடுப்புக் காட்சியைப் பற்றித்தான் பேசியது. பார்த்தாயா, பார்க்கவில்லை, பார்த்தாய், பார்க்கவில்லை. அதைக் கேமரா எடுத்த விதத்தில் எனக்கு இப்போது சங்கடம் உண்டு. கதாநாயகன் பார்க்கவே இல்லை என்று சாதிப்பதை நமக்கெல்லாம் காட்டிவிடுகிறது. ஆனால் அந்தச் சண்டை நியாயமான சண்டை. அவன் பொய் சொல்கிறான், பொய் என்று அவளுக்குத் தெரியும், அவள் விடமாட்டாள். ஜோதிகாவுக்கு விஜய் அளவுக்கு வசனம் இருக்கிறது, கடைசி வரை இருக்கிறது. காதல் வந்ததும் வாயை மூடிக்கொள்ளவில்லை. இருவரும் ஒரே அளவு பிடிவாதம், ஒரே அளவு முட்டாள்தனம், அதனால் இருவருமே இறங்கி வரவேண்டியிருக்கிறது. அத்தைக்கு அந்தப் படம் பிடிக்கவில்லை. “ரெண்டும் வேலவெட்டி இல்லாததுக” என்றுவிட்டார். அதில் நான் அவரோடு உடன்படவில்லை.

மௌன ராகம் பேச்சு வந்த அன்றைக்கு இரவு, கரண்ட் போய், மொட்டை மாடியில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தபோது அத்தை தானாக ஒன்று சொன்னார். அவருக்குக் கல்யாணமானது 1974-ல். டைப்ரைட்டிங்கில் லோயர் பாஸ் பண்ணியிருந்தார், வேலைக்குப் போகவேண்டும் என்று ஆசை. மாமா வீட்டில் பேச்சுக்கே இடமில்லை. மாமாவும் முடியாது என்றுவிட்டார். அத்தை பேச்சை நிறுத்திவிட்டார். கோபித்துக்கொண்டு ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, ஏழு மாதம். சோறு போடுவார், துணி துவைப்பார், பேசமாட்டார். தேவையென்றால் கொழுந்தனிடம் சொல்லி அவர் மாமாவிடம் சொல்லவேண்டும். ஊரில் அப்போதுதான் அவருக்கு அந்தப் பிடாரிப் பட்டம் வந்தது. மாமா முன்கோபக்காரர் என்பது எனக்கே தெரியும், அந்த ஏழு மாதத்தில் என்னென்ன நடந்தது என்று அத்தை சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை.

“ஒரு நாள் காலையில அரிசி எடுக்கப் போறேன். பானை மூடி மேல ஒரு கவர் இருக்கு. சர்வீஸ் கமிஷன் அப்ளிகேஷன். உள்ள போஸ்டல் ஆர்டரும் எடுத்து வச்சிருக்காரு. பேரு, அப்பா பேரு எதுவும் எழுதல. எல்லாம் நீயே எழுதிக்கனு அர்த்தம். மனுஷன் வீட்லயே இல்ல, மில்லுக்குப் போயிட்டாரு.”

“அப்புறம் பேசிட்டீங்களா?”

“உடனே எப்படிப் பேசுறது? அன்னைக்கி ராத்திரி அவருக்குப் பிடிச்ச மொளகு ரசம் வச்சேன். சாப்பிட்டாரு. உப்புக் கொறச்சல்னாரு. ஏழு மாசத்துக்கு அப்புறம் எங்கிட்ட நேரா பேசுன மொத வார்த்தை. நானும் ‘வேணும்னா போட்டுக்கங்க’னேன்.” அத்தை சிரித்தார். பரீட்சை எழுதி, இரண்டாம் தடவை தேறி, இருபத்தெட்டு வருஷம் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். மாமா ஒவ்வொரு மாதமும் சம்பள நாளில் அலுவலக வாசலில் சைக்கிளோடு நிற்பார் என்று எனக்குத் தெரியும். ஏன் நிற்பார் என்று அதுவரை நான் யோசித்ததில்லை. ஓய்வு பெறும் நாள் வரை இருவரும் சண்டை போட்டுக்கொண்டேதான் இருந்தார்கள், அதுவும் எனக்குத் தெரியும். அந்த வீட்டு முற்றத்தில் நான் கேட்டு வளர்ந்த சத்தமே அதுதான்.

நேற்று மறுபடியும் ‘மன்னன்’ போட்டார்கள். நான் டிவியை மாற்றப் போனேன், அத்தை வேண்டாம் என்றார். உட்கார்ந்து பார்த்தோம். விஜயசாந்தி கை ஓங்கினார். பக்கத்தில் ஒரு கைதட்டல் கேட்டது, வயசான கைகளின் மெல்லிய சத்தம். மாமா போனதிலிருந்து அத்தை கண்ணாடி வளையல் போடுவதில்லை. அடுத்த அறை விழுவதற்குள் முறத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு எழுந்து போய்விட்டார்.